தேய்ந்த தகட்டின் சாட்சியம்

பந்தயக் கார்களைப் பற்றிய பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் வாசிக்கும் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், இத்தாலியில் செய்யப்படும் பெராரி கார்களில் கிளட்ச் தகடு ஒருவர் கையில் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தீய்ந்து பயனற்றுப் போவதும், அதே வகைக் கார் இன்னொருவர் கையில் பல மடங்கு தூரம் ஓடியும் தகட்டில் பாதி மிச்சமிருப்பதும் எதனால் என்று என்னிடம் நெடுநேரம் விவரித்துக்கொண்டிருந்தார். நான் சந்தேகம் கேட்கக் கேட்க, "இதற்கு இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை, மல்லசமுத்திரத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது, லாரிக்கும் ரிக் வண்டிக்கும் கிளட்ச் தகட்டில் லைனிங் மாற்றுகிறார்கள், அங்கே பெரியவரைப் பாருங்கள், தகட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் வண்டி ஓட்டியவனுடைய சுபாவத்தைச் சொல்லிவிடுவார்" என்று கூறி, தொலைபேசியில் ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்.

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி, காளிப்பட்டி வழியாகச் செல்லும் பாதையின் இரு மருங்கும் நிலக்கடலையும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. மழையை நம்பி மட்டும் ஜீவிக்க முடியாது என்று கண்டுகொண்ட இந்தப் பிரதேசத்துக் குடியானவர்கள், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சக்கரத்தின்மேல் நம்பிக்கை வைத்தார்கள். லாரிக்குக் கூண்டு கட்டுவதிலும் எரிவாயு டாங்கர்களிலும் நாமக்கல்லும், லாரிகளில் சங்ககிரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் பெயர் பெற்றன. ராஜஸ்தானத்தில் யாரோ ஒருவருடைய வறண்ட வயலில் டி.என். 34 என்ற பதிவெண்ணோடு ஒரு ரிக் வண்டி நின்று பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தால் அது அதிசயமல்ல. அந்த வண்டிகளின் தேய்ந்த உறுப்புகள் திரும்பி வந்து சேருமிடங்களில் மல்லசமுத்திரமும் ஒன்று.

கிளட்ச் என்பது என்ன காரியம் செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் நிற்காமல் சுழன்றுகொண்டிருக்கிறது. வண்டியோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் எடுத்த எடுப்பில் பிணைத்தால் எஞ்சின் அணைந்துபோகும் அல்லது ஏதாவதொரு பல் முறியும். ஆகவே எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, உராய்ந்து பிடிக்கும் லைனிங் பதித்த தகடு ஒன்றை வைத்து, அது கொஞ்ச நேரம் வழுக்கி வழுக்கிப் பிடிப்புக் கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்தால் சூடு பிறப்பது போல அந்த வழுக்கலில் உஷ்ணம் பிறக்கிறது. சமதரையில் எஞ்சின் வேகம் மாறாதிருக்குமானால், நின்ற வண்டி எஞ்சினோடு இணைவதற்குள் எவ்வளவு இயக்க சக்தியைப் பெறுகிறதோ, அதே அளவு சக்தி தகட்டில் உஷ்ணமாகி வீணாகிறது என்பது கணிதம். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், இரட்டிப்பு வேகத்தில் இணையும் வண்டி நான்கு மடங்கு உஷ்ணத்தைத் தன் தகட்டின்மேல் சுமத்துகிறது. பாரம் ஏற்றிய லாரியை முதல் கியரில் எடுக்காமல் சோம்பலினால் இரண்டாவதில் எடுக்கும் டிரைவர், அந்த ஒரு புறப்பாட்டில் என்ன செலவு செய்கிறான் என்பது இதிலிருந்து விளங்கும்.

நண்பர் சொன்ன கார்களின் விஷயமும் இதுவேதான். அவற்றின் முதல் கியரே அதிவேகத்துக்காக அமைக்கப்பட்டது. ஆகையால் புறப்படும்போது நெடுநேரம் வழுக்கியே தீர வேண்டும். 1997இல் பெராரி நிறுவனம் தன் எப்355 காரில் கிளட்ச் பெடலை அகற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு துடுப்புகளை வைத்து, தகட்டைப் பிடிப்பதையும் விடுவதையும் எண்ணெய் அழுத்தத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒப்படைத்தது. பெடல் இல்லாமையால் கிளட்சே இல்லை என்று எண்ணிக்கொண்டு போக்குவரத்து நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தவர்களும், மேட்டிலுள்ள வீட்டுக்குள் காரைப் பின்பக்கமாக மெள்ள மெள்ள ஏற்றியவர்களும் தகட்டை எரித்தார்கள். போர்ஷே நிறுவனம் லைப்சிக் ஆலையில் 2003 முதல் 2006 வரை செய்த கரேரா ஜிடி என்ற காரின் கிளட்ச் 169 மில்லிமீட்டர் விட்டமே உள்ளது. எஞ்சினைத் தரைக்கு வெகு அருகில் தாழ்த்தி வைக்க வேண்டுமென்பதற்காகச் செராமிக்கினால் அத்தனை சிறியதாகச் செய்தார்கள். மல்லசமுத்திரத்துப் பட்டறையின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த லாரித் தகடுகளில் 380 மில்லிமீட்டர் அளவு சாதாரணம்.

பெரியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. நான் போன சமயம், லாரி முதலாளி ஒருவரிடமிருந்து இளைஞன் ஒருவன் தகடொன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, டிரைவர் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டி எரித்துவிட்டான் என்றும், புதுத் தகட்டின் விலையை அவன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக முதலாளி சொன்னார் என்றும் தெரிவித்தான். பெரியவர் தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, "இது டிரைவர் தப்பில்ல கண்ணு. கியர் பாக்ஸ் சீல் போயிருக்குது, லைனிங்கெல்லாம் ஆயில் குடிச்சிருக்குது பாரு. எண்ணெயில நனைஞ்சது எப்படிப் புடிக்கும்? முதலாளிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, சீலை மாத்தாம புதுப் பிளேட்டுப் போட்டாலும் இதே கதிதான்" என்றார். இளைஞன் தயங்கி நிற்கவே, அவரே முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து இதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

அன்று முழுதும் அவர் எனக்குப் பழைய தகடுகளைக் காட்டி அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். இருபுறமும் ஒரே சீராக ரிவெட் தலை வரையில் தேய்ந்திருந்தால் நல்ல கால். அந்தத் தகடு தன் ஆயுளை முழுதும் வாழ்ந்துவிட்டது. கண்ணாடி போல் பளபளத்திருந்தால், பெடலின்மேல் எந்நேரமும் பாதத்தைச் சார்த்திக்கொண்டே ஓட்டியிருக்கிறான். பிரஷர் பிளேட்டில் நீலம் பாரித்துப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மேட்டில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைத்திருந்தான். நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் முறிந்திருந்தால் காலை வெடுக்கென்று எடுக்கும் முரடன். ரிக் வண்டித் தகடுகளோ தனி ஜாதி: உழுத காட்டில், அடுத்தவர் வரப்பில், நான்கு பக்கமும் இடமில்லாத சந்தில் முன்னும் பின்னுமாக ஊர்ந்து ஊர்ந்து ஒரே இடத்தில் வண்டியை நிலைப்படுத்த வேண்டியிருப்பதால், யார் ஓட்டினாலும் அவை சீக்கிரமே போய்விடும், அங்கே டிரைவரைக் குறை சொல்வது அநியாயம் என்பது அவர் அபிப்பிராயம்.

பட்டறையில் லேத் ஒன்று உண்டு. பிளைவீலின் முகத்தைக் கடைந்து சமன் செய்வார்கள். அதை விவரிப்பதில் பெரிய லாபமில்லை. என் கண்ணைக் கவர்ந்தது மூலையில் நின்ற காலால் மிதிக்கும் ரிவெட் யந்திரம். வார்ப்பிரும்பினாலான அதன் மிதிகட்டை நடுவில் குழிந்து, ஒரு பாதத்தின் வடிவமாகவே ஆகிவிட்டிருந்தது. பழைய ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, தீய்ந்த லைனிங்கைப் பெயர்த்து, அதனடியில் அலைபோல் வளைந்திருக்கும் எஃகு இதழ்களைச் சோதித்த பிறகு, புதிய லைனிங் வளையங்களை இருபுறமும் வைத்து, பித்தளை ரிவெட்டுகளை ஒன்றின்பின் ஒன்றாக வரிசையாய் அடிக்காமல், ஒன்றுக்கு நேர் எதிரில் மற்றொன்றாக மாற்றி மாற்றி அடிக்கிறார் பெரியவர். வரிசையாக அடித்தால் தகடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணிவிடுமாம். காற்றழுத்தத்தால் இயங்கும் புதிய யந்திரம் வாங்கலாமே என்று கேட்டேன். "வேகமா அடிக்குமுங்க. ஆனா எத்தனை அழுத்தினா லைனிங் வெடிக்கும்னு அதுக்குத் தெரியாதுங்களே, காலுக்குத் தெரியும்" என்றார். ரிவெட் விரிந்து இறுகும் அந்த க்ஷணத்தைக் காலினால் அறிவது அத்தனை வருஷத்து அப்பியாசம். அதை நான் மிகவும் பெரிய வித்தையாகவே மதிக்கிறேன்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தைக் கேட்டபோதுதான், காலையில் அந்த டிரைவருக்காக அவர் ஏன் அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கியது. பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னே கிளீனராக லேலண்ட் லாரியில் ஏறி, பிற்பாடு டிரைவராகி, வடக்கே பம்பாய் வரையில் ஓட்டியவர். ஒரு சமயம் சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் வழியில், தொப்பூர் மலையேற்றத்தில் பாரத்தோடு கிளட்ச் எரிந்து வண்டி நின்றுவிட்டது. முதலாளி மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். வெகுநாள் கழித்து அந்த எஞ்சினைப் பிரித்த மெக்கானிக்கு ஒருவர், பின்பக்க சீல் கசிந்து எண்ணெய் இறங்கியதே காரணம் என்று சொன்னாராம். பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. அவர் லாரியை விட்டு இறங்கி, சேலத்தில் லைனிங் பட்டறையொன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

இத்தனை ஞானமும் உழைப்பும் உள்ள மனிதருக்கு என்ன கிடைக்கிறது? லாரி முதலாளிக்கும் இவருக்கும் இடையே மெக்கானிக்கு ஒருவர், உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் நிற்கிறார்கள். இவர் லைனிங் மாற்றிக் கொடுத்த தகட்டையே கம்பெனிப் புதுத் தகடென்று பில் போட்டு முதலாளியிடம் முழு விலை வாங்குகிறவர்களும் உண்டு. அந்த விலையில் இவருக்கு வருவது லைனிங் விலையும் அற்பக் கூலியும். அந்தக் கூலியும் கையில் வருவதில்லை, நோட்டில் எழுதப்படுகிறது. இதே மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலத்தன்று, தன் மூட்டைக்கு எந்த வியாபாரி என்ன விலை எழுதினான் என்பதைக் குடியானவன் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். இங்கிருந்து அதிக தூரமில்லாத புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது, பஞ்சத்தில் வாடிய நூற்பவளுக்கு அவள் நூலின் கூலி கிடைக்க வேண்டும் என்பதையே முதற் காரியமாகக் கொண்டார். விளைபொருளுக்கும் நூலுக்கும் தேடிக்கொடுத்த நியாயத்தை யந்திரத் தொழிலாளியின் கைவேலைக்குத் தேடிக்கொடுக்க யாரும் இதுவரை முன்வரவில்லை. லாரி முதலாளிகள் தகட்டைத் தாங்களே நேரே பட்டறைக்கு அனுப்பி, வேலை முடிந்ததும் பணத்தைக் கையில் கொடுக்கத் தீர்மானித்தால் அவர்கள் செலவும் குறையும், இவர் வயிறும் நிறையும். இதைச் செய்ய எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

சட்டம் வேண்டியது வேறொரு விஷயத்துக்கு. பழைய தகட்டைச் சுத்தம் செய்ய அவருடைய உதவியாளர்கள் காற்றுக்குழாயைப் பிடித்து ஊதுகிறார்கள். கரிய தூசி பட்டறை முழுதும் பரவுகிறது. லைனிங்குகள் வெகுகாலம் கல்நார் கொண்டு செய்யப்பட்டவை. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும் என்பதில் வைத்திய உலகத்தில் அபிப்பிராய பேதம் இல்லை. பட்டறையிலிருந்த புது லைனிங் பெட்டிகள் சிலவற்றின்மேல் கல்நார் கலவாதது என்று அச்சிட்டிருந்தது. மலிவான சிலவற்றின்மேல் ஒன்றுமே இல்லை. 1995 ஜனவரி 27ஆம் தேதி அளித்த தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு, கல்நார்த் தொழிலாளியின் உடல்நிலைக் குறிப்புகளை அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரையில் பாதுகாக்க வேண்டுமென்றும், சிறு தொழிற்சாலைகளையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது பற்றி அரசுகள் ஆலோசிக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையின் வாசலுக்கு அந்த ஆலோசனை இன்னும் வந்து சேரவில்லை.

ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கலாம் என்றும், தூசியை உறிஞ்சி வடிகட்டும் யந்திரம் இருக்கிறது என்றும் சொன்னேன். ஈரத்துணி விஷயத்தை அவர் உடனே ஏற்று, பையன்களைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லிவிட்டார். யந்திரத்தின் விலையைக் கேட்டு, மெக்கானிக்குகளின் கணக்கு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கூட்டிப் பார்த்தார். வர வேண்டிய நிலுவை அந்த யந்திரத்தைப் போல இரண்டு வாங்கப் போதுமானதாக இருந்தது.