கொடுத்த விதை

நாம் முடிச்சூரில் பங்குப் பணியாற்றிய காலத்தில், இல்லத்தின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு தக்காளிச் செடிகள் வளர்த்து வந்தோம். தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிடில், மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும். தாம்பரத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலாண்டு கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையை ஊன்றினோம். காய்ப்பு மனநிறைவு தந்தது. அப்பழங்களின் விதையை மறுமுறை விதைத்தபோதோ, ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. ஒன்றில் உருண்டைப் பழம், மற்றொன்றில் தட்டைப் பழம். ஏமாந்தோம் என்றே எண்ணினோம். பின்னரே, குருமடத்தில் கேள்விப்பட்ட மெண்டல் நினைவுக்கு வந்தார். அகுஸ்தீனார் சபைத் துறவியான அவர், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1866-இல் வெளியிட்ட உண்மை இதுவன்றோ! ஒட்டின் முதல் தலைமுறையில் மறைந்திருக்கும் குணங்கள், அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளிப்படுகின்றன.

பிரிந்து வருவதிலிருந்து தேர்ந்துகொள்ளலாம் அல்லவா? சித்திரையிலும் பூ உதிராமல் பிஞ்சு பிடித்த செடி ஒன்றே ஒன்று இருந்தது. அதன் பழங்களைச் செடியிலேயே கனியவிட்டோம். நல்ல பழத்தைக் குழம்புக்கும், சொத்தைப் பழத்தை விதைக்கும் ஒதுக்குவது நமது பழக்கம். இறைவனுக்கும் பல வேளைகளில் மிச்ச நேரத்தைத்தானே கொடுக்கிறோம்! அவ்வாண்டு சிறந்தவற்றையே விதைக்கு வைத்தோம்.

விதையைச் சாறுடன் ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க வைத்தால், அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரையும். நல்ல விதை அடியில் தங்கும். அதைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், இவ்வாறு ஆறேழு தலைமுறை தேர்ந்தால் குணம் நிலைபெறும். அத்தனை பொறுமை இல்லாதோர் பி.கே.எம்.1 இரகத்தை வளர்க்கலாம். அதன் விதை தாயைப் போன்றே முளைக்கும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட அந்த இரகமும், அண்ணஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து பிறந்ததே.

நமது தேர்வு மூன்றாம் தலைமுறையை எட்டியிருந்தது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தது. வீடிழந்து நின்ற மக்களின் நடுவே விதையைப் பற்றி எண்ண நமக்கு நேரமில்லை. பல நாள் கழித்துச் சேற்றை அகற்றியபோது, விதைப் புட்டி முழுவதும் அழுகிக் கிடந்தது.

தைப் பொங்கல் கழிந்து, பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சிறு துணி முடிச்சொன்றை நம் கையில் வைத்தார். அவர் வீட்டிலும் ஆளுயரத் தண்ணீர் நின்றது.

“சாமி, நீங்க கொடுத்த விதையிலே கொஞ்சம் செங்கல்பட்டுல இருக்கிற மகளுக்கு அனுப்பியிருந்தேன். இது அவ தோட்டத்துப் பழத்துல எடுத்தது.”

நாம் பத்திரப்படுத்திய விதை போயிற்று. பகிர்ந்த விதையோ பிழைத்தது. கோதுமை மணியைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதைப் பலமுறை பீடத்தில் விளக்கியிருக்கிறோம். அன்றுதான் அதை நமக்கு ஒருவர் விளக்கினார்.

அன்பர்களே, இவ்வாண்டு உங்கள் தோட்டத்தில் விளையும் சிறந்த பழங்கள் இரண்டை விதைக்கு ஒதுக்குங்கள். அந்த விதையில் பாதியை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.