அரை ஓம் செய்யும் வேலை

தில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் பரணிலிருந்து ரூம் ஹீட்டர்கள் இறங்கிவரும். வாடகை அறையிலும் மொட்டைமாடிக் குடித்தனத்திலும் காலியாக இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்தான். ஹீட்டரின் பிளக்கோ தடித்த கால்களோடு 16 ஆம்பியர் பாயின்ட்டைக் கேட்கும். அதனாலென்ன? கடையில் மலிவாகக் கன்வர்ட்டர் பிளக் கிடைக்கிறது. அறை கதகதப்பாகிவிடுகிறது.

இந்த அறைகளில் இருப்பவர்களில் பலர் பட்டதாரிகள். பத்தாம் வகுப்பில் ஓம் விதியை எழுதி மார்க் வாங்கியவர்கள். ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் புத்தகமாக வெளியிட்ட விதி அது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது திறன். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலோர் இதை விடைத்தாளோடு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஹீட்டரில் 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வகுத்தால் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பாயின்ட்டுக்கு இதுவே அதிகம். 230ஐ 8.7ஆல் வகுத்தால் கம்பிச்சுருளின் தடை சுமார் 26 ஓம். இதுவரை பாடப்புத்தகம். விபரீதம் இதற்குப் பிறகுதான்.

பழைய பாயின்ட்டுக்குள் பித்தளைப் பிடிகள் தளர்ந்து, கரி படிந்து, அரை ஓம் தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். 26 ஓமுக்கு முன்னால் அரை ஓம் எம்மாத்திரம்! மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறையும். பாயின்ட்டில் வீணாவது நாலேகால் வோல்ட். ஹீட்டர் வழக்கம்போலச் சிவந்து எரியும். ஆனால் நாலேகாலை எட்டரையால் பெருக்கிப் பார்த்தால் சுமார் 36 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன்கூட 25, 35 வாட்தான். அப்படி ஒன்றைப் பிளாஸ்டிக் பாயின்ட்டுக்குள் செருகி வைத்துவிட்டு, பக்கத்திலேயே ரஜாயைப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்குச் சமம் இது.

மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. காப்பாற்றாதா? அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால்தான் அது விழும். இங்கே மின்னோட்டம் குறைந்தல்லவா போயிருக்கிறது! 10 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு எட்டரை ஆம்பியர் சர்வசாதாரணம். காவல்காரன் விழித்திருக்கும்போதே கன்னம் வைக்கிற திருடன் இந்த அரை ஓம்.

இன்னொரு கணக்கும் உண்டு. தடை மாறாமல் மின்னோட்டம் பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். 1840களில் ஜூல் கண்டு சொன்னது இது. பல ஹீட்டர்களில் 1000 வாட்டுக்குத் தனி ஸ்விட்ச் உண்டு. அதை மட்டும் போட்டால் அதே தளர்ந்த பாயின்ட்டில் சுமார் 9 வாட்தான். ஆபத்து குறையும், நீங்காது.

கணக்குப் போட மறந்தவர்களுக்காகவே பிளக்கின் கால்கள் தடிமனாக இருக்கின்றன. ஒரு பொறியாளர் என்றோ வகுத்துப் பார்த்த விடை, பித்தளையில். கன்வர்ட்டர் பிளக் அந்த விடையை அழித்துவிடுகிறது.

கருகல் வாடை அடித்தாலோ, பிளக் சூடாக இருந்தாலோ, பாயின்ட் பழுத்து நிறம் மாறியிருந்தாலோ ஹீட்டரை நிறுத்திவிட வேண்டியதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தக்க ஒயரோடு 16 ஆம்பியர் பாயின்ட் போடச் சொல்லலாம். வீட்டுக்காரர் செலவுக்கு முணுமுணுப்பார். அவரிடமும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். எரியப்போவது அவருடைய சுவரும்தான்.