அஞ்சாம் வகுப்பில் கேட்ட கேள்வி

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் குடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

போன மாதம் நம் பள்ளியில் பழைய மாணவர் சந்திப்பு நடந்ததல்லவா, அன்று ஒருவன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தலை நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டானாம். "டீச்சர், அஞ்சாங்கிளாஸ்ல உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றான். எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

1984. நான் டீச்சர் டிரெய்னிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு, மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துவோம். அன்று நன்னெறி எடுக்கிற டீச்சர் லீவு. எல்லாப் பிள்ளைகளையும் என் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். பாடம், ஐசுவரியவானும் லாசருவும். பாதாளத்தில் கிடக்கிற பணக்காரன் ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிற இடத்தை நான் நடித்தே காட்டுவேன். அன்றும் நடித்தேன்.

பாடம் முடிந்ததும் அவன் எழுந்து நின்றான். மூன்று மாதம் முன்புதான் அவன் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்திருந்தாள். பீடி சுற்றிப் பிழைத்தவள். சுடலைமாடன் கோயில் கொடைக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைப்பாள். பனங்கிழங்குக் காலத்தில் டீச்சருக்கு என்று ஒரு கட்டு மகன் கையில் கொடுத்து விடுவாள்.

"டீச்சர், எங்கம்மா வேதக்காரி இல்லல்லா. அவ அந்தத் தீயிலயா இருப்பா?"

எனக்கு இருபத்தைந்து வயது. தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "இயேசுவை ஏத்துக்கிடாதவங்க அங்கதான் போவாங்கன்னு வேதம் சொல்லுது." அவன் உட்கார்ந்துவிட்டான். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

"ரெண்டு வருஷம் அடுப்பங்கரைக்குள்ள போகல டீச்சர். அடுப்பு எரியுறதப் பாத்தா அம்மா ஞாபகம் வந்துரும். என்னன்னு தெரியாம ஆச்சி என்னைய அடிப்பா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடவில்லை.

அந்தப் பதிலை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அகல வழியும் இடுக்கமான வழியும் என்ற படம் தொங்கியது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். ஒரு பக்கம் கூட்டம் கூட்டமாக நடந்து போய்த் தீயில் விழுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபடி சோறு தின்று வளர்ந்தவள் நான். கிறிஸ்தவர்கள் எல்லாரும் எல்லாக் காலத்திலும் இதை ஒரே மாதிரிதான் நம்பினார்கள் என்று நினைத்திருந்தேன். ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஓரிகன் என்றொரு ஆசிரியர், மூன்றாம் நூற்றாண்டுக்காரர். கடைசியில் தேவன் எல்லாவற்றையும் பழையபடி சீர்ப்படுத்துவார், தண்டனையும் அதற்கான மருந்துதான் என்ற நம்பிக்கை அவருடையது. அவர் மரித்து முந்நூறு வருஷம் கழித்து, 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில், அவர் பெயரில் வழங்கிய போதனைகளுக்குச் சாபம் விழுந்தது. ஆனால் நான்காம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட அதையே எழுதிய நிசாவின் கிரகோரி இன்றும் பரிசுத்தவான்தான். அவரை யாரும் தள்ளவில்லை.

எதிர்ப்பக்கத்தில் பெரியவர் அகுஸ்தீன். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் என்று ஒரே சொல் இரண்டு தரம் வருகிறது. ஆக்கினை ஒருநாள் முடியும் என்றால் ஜீவனும் ஒருநாள் முடியுமே என்று அவர் மடக்குகிறார். லேசான கேள்வி இல்லை அது. கிரேக்கத்தில் அந்தச் சொல் அயோனியோஸ். மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்த யோனாவின் ஜெபத்திலும், அவரை அடைத்த தாழ்ப்பாள்களுக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே சொல்லைத்தான் போட்டிருக்கிறது. ஆக, முடிவே இல்லாதது என்று மட்டும் அதற்கு அர்த்தமில்லை என்கிறார்கள் மறுதரப்பார். சொல்லை வைத்து நடக்கும் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆக்கினை என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. மூலத்தில் அது கோலாசிஸ். தண்டனையை அரிஸ்டாட்டில் இரண்டாகப் பிரிக்கிறார். தண்டனை பெறுகிறவனுக்காகக் கொடுப்பது கோலாசிஸ், கொடுக்கிறவனின் ஆத்திரம் தீரக் கொடுப்பது வேறு. பிற்காலத்தில் இந்த வித்தியாசம் எப்போதும் காக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பிரம்பு பிடித்த கைக்கு இது சுருக்கென்று தைத்தது. நான் கொடுத்த அடிகளில் எத்தனை பிள்ளைக்காக, எத்தனை என் எரிச்சல் தீர? என்னிடம் அடி வாங்கியவர்களுக்குத் தெரியும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எஃப்.டி.மாரிஸ் என்ற பேராசிரியர், நித்தியம் என்றால் முடிவில்லாத காலம் என்று கொள்ளக் கூடாது என்று எழுதியதற்காக 1853-இல் வேலையை இழந்தார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லி ஒரு வாத்தியாருக்கு வேலை போயிருக்கிறது! நம் போதகர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற ஜான் ஸ்டாட், பொல்லாதவர்கள் முடிவில்லாமல் வேதனைப்படாமல் கடைசியில் இல்லாமலே போய்விடலாம் என்று 1988-இல் தயங்கித் தயங்கி எழுதினார். இது மூன்றாவது கட்சி.

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்று. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில், சார்லோட் ரைலென் என்ற அம்மாளின் முயற்சியில் உருவானது. அந்த நகரம் இருக்கிற வூர்ட்டெம்பெர்க் பகுதியில்தான் ஓட்டிங்கர் போன்ற பக்திமான்கள், கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அதற்கு நூறு வருஷம் முன்பே நம்பினார்கள். அந்த மண்ணிலிருந்து படம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்த நம்பிக்கை வரவில்லை.

இவ்வளவும் படித்து, சரி, எல்லாருக்கும் இரட்சிப்பு என்றே இருந்துவிடலாம் என்று மனசு லேசான நேரத்தில் ஒரு போன் வந்தது. இவளும் என்னிடம் படித்தவள். இவளுடைய அக்கா கல்யாணமான இரண்டாம் வருஷம் தீயில் கருகிச் செத்தாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். கேஸ் நிற்கவில்லை. அந்த வீட்டுக்காரன் மறுகல்யாணம் செய்து, சபையில் நாலு பேர் மதிக்கிற ஆளாக இருந்து, வயசாகிப் போய்ச் சேர்ந்தான். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று தெருவெல்லாம் போஸ்டர்.

"டீச்சர், எங்கக்கா சாகும்போது யார் செஞ்சதுன்னு என் காதுல சொல்லிட்டுத்தான் செத்தா. அவனுக்கும் மோட்சம்னா, அங்க எங்கக்காவும் அவனும் ஒண்ணா உக்காந்து பாட்டுப் பாடணுமா? நரகம் இல்லைன்னு மட்டும் என்கிட்ட சொல்லிராதீங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியவில்லை. அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் எதை நம்பினாலும் இந்த இரண்டு பேர் முகத்தையும் பார்த்து அதைச் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பையனிடம் நான் சொன்னது இவளுக்கு உதவலாம், ஆனால் அவனை எரித்தது. எல்லாம் மன்னிச்சாச்சு, வாங்க என்கிற பேச்சு அவனுக்கு ஆறுதல். இவளுக்கோ அக்காவை இன்னொரு தரம் கொளுத்துவது போல.

மறுபடியும் கிரகோரியிடம் போனேன். அவருடைய அக்கா மக்ரீனா மரணப்படுக்கையில் இருக்கும்போது இரண்டு பேரும் பேசுவதாக ஒரு நூல். அக்காவை அவர் அதில் ஆசிரியை என்றே குறிப்பிடுகிறார். நான் நடித்துக் காட்டிய அதே லாசரு கதையை அந்த ஆசிரியையும் விளக்குகிறார். நடுவில் இருக்கிற பெரும்பிளப்பு மண்ணில் விழுந்த பள்ளம் இல்லை, மனிதர் தங்கள் தெரிவினால் வெட்டிக்கொண்டது என்கிறார். தண்டனைக்கு இரண்டு உவமை சொல்கிறார். பொன்னில் கலந்த கசடு எரியும்போது பொன்னும் தீயில் கிடக்கத்தான் வேண்டும். களிமண் அப்பி இறுகிப்போன கயிற்றைச் சின்ன ஓட்டை வழியாக இழுத்தால் மண் உரிந்து உதிரும், கயிறு அந்த இழுப்பைத் தாங்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு மண்ணோ அவ்வளவு வேதனை. கடன் கடைசிக் காசு வரை தீர்ந்தாக வேண்டும்.

இது பொதுமன்னிப்பு இல்லை. ஒன்றும் ரத்தாகவில்லை. இப்படி நம்பியவர்கள் துன்பம் அறியாதவர்களும் இல்லை. ஓரிகனின் தகப்பனார் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். ஓரிகனே வயதான காலத்தில் சிறையில் சித்திரவதைப்பட்டார்.

அவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்: "அம்மா, அவன் உங்கக்கா முகத்தைப் பாக்காம எந்த வாசலுக்குள்ளயும் நுழைய முடியாது. செஞ்சதை முழுசா அவன் அறிஞ்சாகணும். அதுதான் தீ. அதுக்கப்புறம் அவன் என்ன ஆவான்கிறது உன் பாரமில்ல, என் பாரமுமில்ல." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படின்னா சரி டீச்சர், ஆனா நான் அவனுக்காக ஜெபம் பண்ண மாட்டேன்" என்றாள். பண்ண வேண்டாம் என்றேன்.

அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

மகனே, எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நம்புகிறேன், ஜெபிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அன்று நான் உனக்குச் சொன்னது வேதம் இல்லை. லாசரு கதையில் அந்தப் பணக்காரன் தீயில் கிடப்பது ஞானஸ்நானம் எடுக்காததால் இல்லை. வாசலில் பசியோடு கிடந்தவனைத் திரும்பிப் பார்க்காததால். உன் அம்மா பீடி சுற்றின காசில் டீச்சருக்குப் பனங்கிழங்கு கொடுத்து விட்டவள். அந்தக் கதையில் அவள் எந்தப் பக்கம் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

சிலர் தீயின் வழியாகத் தப்பி வருவார்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படி ஒரு தீ இருக்குமானால் அதில் உன் அடுப்பங்கரையும் இருக்கும். உன் முகத்தையும் உன் அம்மா முகத்தையும் பார்க்காமல் நான் அதைத் தாண்டிப் போக முடியாது. அங்கே வரைக்கும் தள்ளிப் போட வேண்டாம் என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு.

இந்த ஞாயிறு வீட்டுக்கு வா. நானே அடுப்பில் பனங்கிழங்கு அவித்து வைக்கிறேன்.

உங்கள் டீச்சர்.