தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்பத்தூர் ஓ.டி.க்கு அருகில் அப்பா ஆரம்பித்த மளிகைக் கடையை நீ விஸ்தரித்துக் கட்டியிருப்பதும், ஐந்து பேருக்கு அங்கே வேலை கொடுத்திருப்பதும் அறிந்து மனம் நிறைந்தது. பழைய சாமான்களை ஒழிக்கும்போது கொரோனா காலத்து முகக்கவசப் பெட்டிகள் இரண்டு அகப்பட்டன என்றும், நோய்தான் போய்விட்டதே, இனி இவை எதற்கு என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு விடையாகவே இம்மடலை எழுதுகிறேன். கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்துமாதலால் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

2020 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை அடைக்கப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். மூட்டை தூக்கியவர்களும், லாரி ஓட்டி வந்தவர்களும், சரக்கெடுக்கப் போன சில்லறை வியாபாரிகளும் தம்மையறியாமலே நோயைச் சுமந்து சென்றதால், கடலூர், அரியலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலும் அது பரவிற்று. அவர்களில் எவரும் குற்றவாளி அல்லர். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அந்த வீடுகளில் உலை கொதிக்க வேண்டுமென்பதற்காக வெளியே நின்றவர்கள். கடையில் வேலை செய்பவரின் நிலை எந்நாளும் இதுதான். சாமான் வாங்க வருபவர் பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார். கல்லாவில் இருப்பவரும் பொட்டலம் மடிப்பவரும், வருகிற ஒவ்வொருவருடைய மூச்சுக்கும் எதிரே பொழுது முழுவதும் நிற்கிறார்கள்.

இந்த மூச்சின் அபாயத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர், பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே. 1910 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் மூண்டபோது, அது சுவாசத்தின் வழியே பரவுகிறது என்று கண்டு, மெல்லிய துணிக்கிடையே பஞ்சை வைத்து முகத்தில் கட்டிக்கொள்ளும்படி அவர் வற்புறுத்தினார். அதை ஏற்காத மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கப் போய், சில நாட்களிலேயே அந்த நோய்க்கு இரையானார். அனுபவமும் பாண்டித்தியமும் காப்பாற்றாத இடத்தில் ஒரு முழத் துணி காப்பாற்றியிருக்கக்கூடும்.

ஆனால் அந்தத் துணி எல்லோர் கையிலும் இருக்க வேண்டுமானால் யாராவது கொடுக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு கவசங்களை அரசாங்கம் இலவசமாக வழங்கிற்று. நம் நாட்டிலும், ராணுவ வீரர்களுக்குச் சீருடை தைக்கும் ஆவடி உடைத் தொழிற்சாலை கவசங்களும் தைத்தது. அவ்வாண்டு ஜூலையில் தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளின் மூலம் ஆளுக்கு இரண்டு துணிக் கவசங்கள் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. துவைத்துக் காயப்போட ஒன்று, அணிந்துகொள்ள ஒன்று என்ற கணக்கு, நம் வெயிலையும் வியர்வையையும் அறிந்தவர் போட்ட கணக்கு. செப்டம்பரில், 1939 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, கவசமின்றி வருபவருக்கு 200 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். சட்டம் அவசியந்தான், ஆயினும் கொடுத்த பிறகு கேட்பதே நியாயம். 'முகக்கவசம் இல்லையேல் அனுமதி இல்லை' என்று பலகை மாட்டிய கடைகளில், பலகைக்குக் கீழே ஒரு பெட்டியும் வைத்திருந்த கடையே தன் கடமையை முழுவதும் செய்தது என்பேன்.

அப்பாவை நினைத்துப் பார். சித்திரை வெயிலில் கடை வாசலில் மண்பானை வைத்து, வெட்டிவேர் போட்டு, பித்தளைத் தம்ளரைச் சங்கிலியால் கட்டி வைப்பார். தண்ணீர் குடித்தவர் சாமான் வாங்குவாரா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தாகத்தோடு வருபவரைத் தாகத்தோடு அனுப்பக்கூடாது என்பது அவருடைய வியாபார தர்மம். வருபவருக்குச் சுத்தமான மூச்சைக் கொடுப்பதும் அந்த தர்மத்தைச் சேர்ந்ததே.

நோய் போய்விட்டது என்கிறாய். மிளகாய் மூட்டை பிரிக்கும் நாளில், கிடங்கில் துண்டை மூக்கோடு இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழியப் புடைத்த ஆட்களை நீயும் நானும் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்டம் இன்றும் போகவில்லை. சளியும் காய்ச்சலும் மழைக்காலந்தோறும் வருகின்றன; காச நோயும் காற்றில்தான் பரவுகிறது.

ஆகையால், நாடா இற்றுப்போன அந்தப் பழைய கவசங்களை எறிந்துவிட்டுப் புதியவை வாங்கு. கிடங்கில் தூசியோடு போராடுபவருக்குத் தூசிக்கென்றே செய்த கெட்டியான கவசத்தைக் கொடு. தகரக் கூரையின் கீழ் உச்சிப் பொழுதுக்குள் வியர்வையில் நனைந்துவிடுமாதலால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதாது. நனைந்ததை மாற்றிக்கொள்ளத் தயங்காதபடி அதிகமாகவே வை. இருமலோடு வேலைக்கு வருபவரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பு. முதியவர் எவரேனும் கேட்டால் வாசற்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடு.

முதல் கவசம் உன்னிடம் வேலை செய்பவருக்கு. அடுத்தது உன் கடைக்கு வருபவருக்கு. இரண்டின் விலையும் கடைக் கணக்கில் எழுதப்படட்டும். அப்பாவின் பானை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்