பொம்மையின் கழுத்து நிமிர்ந்திருக்கிறது... செய்பவரின் கழுத்து?

சென்னையிலிருந்து கார்டு லைன் வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு விருத்தாசலம் ஜங்ஷன் பழக்கமான பெயர். ஊருக்குள் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருமுதுகுன்றம். இத்தனை பழைய ஊருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அது பீங்கான்.

கொலுவில் வைக்கும் பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றும் அகல், பழைய வீடுகளின் சுவிட்ச் போர்டில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கட்டை எனப் பலவும் இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையிலும் பட்டறைகளிலும் தயாராகின்றன. பக்கத்தில் இருக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கிறது.

பொம்மை செய்வதைப் பார்க்க எளிதாகத்தான் தோன்றும். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உட்புறம் மண் படிகிறது. மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை வெளியே வரும். பிறகு பிசிறு நீக்கி, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்ட வேண்டும்.

கூழ் நிறைந்த அச்சைத் தூக்கிக் கவிழ்க்கும்போது பாரம் தோளில் விழுகிறது. பிசிறு சீவும்போதும் பொம்மைக்குக் கண் எழுதும்போதும் கழுத்து குனிந்தே இருக்கிறது. கையோ தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. தினக்கூலிக்கு உழைப்பவருக்குக் கையைத் தூக்க முடியாத நாள், கூலி இல்லாத நாள்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் சுமை 27 கிலோ வரை ஏறும் என்று நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரி மூலம் கணக்கிட்டார். பட்டறையில் குனிபவருக்கு மட்டுமல்ல, குனிந்தபடி செல்போன் பார்ப்பவருக்கும் இதே கணக்குதான்.

இதற்கு ஜிம் வேண்டாம். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. கிருஷ்ணமாச்சாரியார் வழி யோகாவிலோ அசைவும் மூச்சும் சேர்ந்தே நடக்கும். அவசரமாகக் காயவைத்தால் மண் விரிசல் விடும் என்பது பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். இறுகிய தோளையும் அப்படி மெதுவாகத்தான் இளக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் 5 முறை செய்யலாம்.

* மூச்சை இழுத்தபடி இரு தோள்களையும் காதுப்பக்கம் உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி பின்னால் உருட்டி இறக்குங்கள்.

* மூச்சை விட்டபடி தலையை வலப்பக்கம் திருப்புங்கள். இழுத்தபடி நடுவுக்கு வாருங்கள். அடுத்து இடப்பக்கம். எந்த இடத்தில் இழுக்கிறதோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

* மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்பக்கமாக மேலே உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். வலிக்கும் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

கண்ணை மூடி, எந்தப் பக்கம் இறுக்கம் அதிகம் என்று கவனித்தபடி செய்தால் பலன் கூடும். தலையை வேகமாகச் சுழற்றவோ, சொடுக்கு எடுக்கவோ கூடாது.

கை மரத்துப்போனாலோ, வலி தோளிலிருந்து விரல்வரை ஓடினாலோ, தலைசுற்றினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு கைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், பின்கழுத்தில் சங்கிலி மாட்டக் கை எட்டவில்லை என்றாலே காட்டிவிடுவது நல்லது.

நேரம் எங்கே என்கிறீர்களா? அச்சில் ஊற்றிய கூழ் படியும்வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டிலோ, பால் பொங்கும்வரை. இந்தப் பயிற்சிக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும்.