கறுப்பினப் பெண்டிரின் கானம்

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் 'சோல்' என்னும் சங்கீதத்தை நாம் சில ஆண்டுகளாக விருப்பத்துடன் கேட்டு வருகிறோம். சோல் என்றால் ஆன்மா என்று பொருள். பகுத்தறிவு பேசுவோர்க்கு ஆன்மாவோடு என்ன உறவு என்று நண்பரொருவர் நம்மை எள்ளி நகையாடினார். ஆன்மா உண்டா இல்லையா என்னும் வழக்கு ஒருபுறமிருக்க, அப்பெயர் கொண்ட பாட்டு உண்டென்பதில் எவர்க்கும் ஐயமிராது. அது அண்மைக் காலத்தில் புத்துயிர் பெற்றதும், பெற்றது பெரும்பாலும் பெண்டிராலே என்பதுமே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழன்றவர்களின் பேரப்பிள்ளைகள் மனம் விட்டுக் கதறுவதற்கு மாதாகோயிலைத் தவிர வேறிடமில்லாதிருந்தது. பிறர் நிலத்தில் நாள் முழுதும் முதுகொடிய உழைத்தவன் மாலையில் வாய்விட்டுப் பாடுவது எதனால் என்பதைத் தோட்டத்து வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அக்கோயிற் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கூட்டம் விடை கூறும். 1954-ல் ரே சார்லஸ் என்னும் கண்பார்வையற்ற பாடகர் அவ்வகைப் பாட்டின் மெட்டையும் ஆவேசத்தையும் அப்படியே எடுத்து, கடவுளிருந்த இடத்தில் காதலியை வைத்துப் பாடினார். பக்தர்கள் கொதித்தெழுந்தனர். நமக்கோ அதில் குற்றம் தோன்றவில்லை. காணாத தெய்வத்துக்குச் செலவிட்ட உருக்கத்தைக் கண்கண்ட மனிதர்க்குத் திருப்பிய செயல் அன்றோ அது!

அரிதா பிராங்க்ளின் அம்மையார் ஒரு போதகரின் புதல்வி. உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆடவன் தன் மனையாளிடம் மரியாதை கேட்பதாக ஓடிஸ் ரெடிங் 1965-ல் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அதனை 1967-ல் அம்மையார் எடுத்துப் பாடினார். சொற்களிற் சிலவே மாறின, கேட்பவரோ மாறிவிட்டார். இப்போது மரியாதை கேட்டவள் பெண். வீட்டுக்குள் ஒலித்த அக்கோரிக்கை வீதியில் நிறவேற்றுமையை எதிர்த்து நின்றவர்களின் கோரிக்கையும் ஆயிற்று. நூறு மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை மூன்று நிமிடத்துக்கும் குறைந்த ஒரு பாட்டுச் செய்ததென்றால், பிரசங்கிகளாகிய நாம் சற்று நாணத்தான் வேண்டும்.

பின்னர் இயந்திர வாத்தியங்களின் காலம் வந்தது. பழைய பாணி ஓய்ந்ததென்று பலரும் கைகழுவினர்.

ஷாரன் ஜோன்ஸ் மட்டும் கைகழுவவில்லை. 1956-ல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த இவ்வம்மையார் மாதாகோயிலிலும் கலியாண வீடுகளிலும் பாடினார். வயிற்றுப்பாட்டுக்கு ரைக்கர்ஸ் தீவுச் சிறைச்சாலையில் காவற்காரியாகவும், பணமேற்றிச் செல்லும் கவச வண்டியின் காவலராகவும் வேலை செய்தார். நிறம் மிகக் கறுப்பு, உடல் பருமன், உயரம் குறைவு, வயதும் கடந்துவிட்டது என்று இசைத்தட்டு வியாபாரி ஒருவர் இவரைத் தள்ளிவிட்டார். குரலைப் பற்றி அக்கனவான் குறையொன்றும் கூறியதாகத் தெரியவில்லை! மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கும் முறைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? 1996-ல் பின்னணி பாட மூன்று பெண்கள் வரவேண்டிய இடத்துக்கு இவர் ஒருவரே வந்து, மூன்று குரல்களையும் தாமே பாடிக் கொடுத்தார். முதல் இசைத்தொகுப்பு 2002-ல் வெளிவந்தபோது வயது நாற்பத்தாறு. புரூக்ளின் பகுதியில் ஒரு பழைய வீட்டைத் தம் கைகளாலேயே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்ட 'டாப்-கிங்ஸ்' குழுவினர், ஓரறையில் ஒன்றாயமர்ந்து வாசித்து, பழைய முறைப்படி நாடாவில் பதிந்தனர். இதனைப் புத்துயிர்ப்பு என்கிறார்கள். அம்மையார் இடைவிடாது பாடிக்கொண்டுதானிருந்தார். உயிர்த்தெழுந்தவை கேட்போர் காதுகளே என்பது நம் கட்சி.

இனி ஒரு விந்தை. லண்டன் யூதக் குடும்பத்து நங்கை ஏமி வைன்ஹவுஸ் 2006-ல் வெளியிட்ட தொகுப்பின் பல பாட்டுக்களுக்கு வாசித்தவர்கள் இதே டாப்-கிங்ஸ் குழுவினர். உலகம் அதனைத் தலைமேற் கொண்டாடியது. 2008-ல் ஐந்து கிராமி விருதுகள் அவரை வந்தடைந்தன. அவ்வாத்தியங்களோடு ஆண்டுக்கணக்கிற் பாடிய கறுப்பம்மையாரைப் பலர் அதன்பின்னரே தேடிக் கண்டனர். 2014-ல் அவர் பெயரும் அவ்விருதுக்கு முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. இதற்காக ஏமியின்மேற் சினப்பது நேர்மையன்று. அவர் குரலில் பொய்யில்லை. பழம் பாடகியரின் கடனை அவர் மறைத்தவருமல்லர். அநீதி சந்தையினுடையது. அவரையும் அச்சந்தை வாழவிடவில்லை. வீட்டு வாயிலிலேயே புகைப்படக்காரர் கூட்டம் காத்துக் கிடந்தது. அவர் தள்ளாடியதும் அழுததும் பத்திரிகைகளுக்குப் பண்டமாயின. 2011 ஜூலை 23-ல், இருபத்தேழாம் வயதில், மது அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. மதுவின் கேட்டை ஓயாது எடுத்துரைப்பவர்கள்தாம் நாம். எனினும் இப்பெண்ணின் சவத்தருகே நின்று உபதேசம் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

ஷாரன் அம்மையாரைப் புற்றுநோய் பற்றியது 2013-ல். சிகிச்சையால் மயிரெல்லாம் உதிர்ந்த தலையைப் பொய்மயிராலும் துணியாலும் மறையாது, 2014-ல் அவர் மீண்டும் மேடையேறி ஆடிப் பாடினார். அழகில்லையென்று தள்ளப்பட்ட பெண் அழகின் கடைசி அணியையும் நீக்கி நின்ற அக்காட்சியின் படத்தை எத்தனை முறை பார்த்தும் நமக்குச் சலிக்கவில்லை. அவ்வாண்டு வந்த தொகுப்பை நம் இல்லத்துப் பெண்மக்கள் சமையற்கட்டில் வேலை நடக்கும்போதே உரக்க வைத்துக் கேட்கின்றனர். பொருள் முழுதும் விளங்காவிடினும் கால்கள் தாளம் போடுகின்றன. அவர் 2016 நவம்பர் 18-ல் மறைந்தார். நோய்க்கிடையே உடல் இடங்கொடுத்த நாட்களிற் பாடிப் பதிந்த பாட்டுக்கள் அடுத்த ஆண்டு நவம்பரில் தொகுப்பாய் வெளிவந்தன. 'ஒரு பெண்ணின் ஆன்மா' என்பது அதன் பெயர்.