பட்டை கட்டும் பட்டறையில்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் அவை. போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பெரிய சாலையை விட்டு இறங்கியதும் தோட்டப் பாதை: உருண்டைக் கல், சேறு, மழை அரித்த பள்ளம். களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிற பெண்கள்தான் வண்டியில் பெரும்பாலும் இருப்பார்கள். தூக்குவாளியை மடியில் வைத்து நெருக்கியடித்து உட்கார்ந்து போய், மாலையில் அதே நெருக்கத்தில் திரும்புவார்கள். அந்த வண்டிகளின் ஸ்பிரிங் பட்டைகளைச் சரிசெய்கிற ஒரு பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன்.

வண்டியை உயர்த்துவது பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். 2020-இல் புதிய மகிந்திரா தார், 2023-இல் ஜிம்னி என்று மலையேறும் வண்டிகள் வந்த பிறகு, வண்டி வாங்கிய கையோடு லிஃப்ட் கிட் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எந்த பிராண்டு, எத்தனை அங்குலம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மலையேறுவதே பிழைப்பாக இருக்கிறவர்கள் இதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்க்க விரும்பினேன்.

பட்டறை என்றால் தகரக் கொட்டகை, ஒரு பட்டறைக்கல், ஒரு வைஸ், நாலைந்து சம்மட்டி. சுவரோரம் கழித்துப்போட்ட பட்டைகள் அடுக்கியிருந்தன. இரும்புக்காரர்கள் வந்து அள்ளிப் போவார்களாம். அரிவாள் அடிப்பவர்களுக்கு இந்த எஃகின் மேல் தனி மரியாதை.

நான் போனபோது ஒரு பழைய மகிந்திரா ஜீப்பின் பின்பக்கக் கட்டு கழற்றப்பட்டிருந்தது. யூ போல்ட் இரண்டையும் எடுத்து, நடு போல்ட்டை உருவியதும் பட்டைகள் ஒன்றொன்றாகப் பிரிந்து விழுந்தன. இடையிலிருந்து செந்தூளாகத் துரு கொட்டியது. பட்டறை மேஸ்திரி மேலே இருக்கும் மெயின் பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கட்டைவிரலை அதன் அடிப்பக்கம் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். கீழ்ப்பட்டையின் நுனி உரசி உரசி மேல்பட்டையில் நகக்கீறல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "இங்கெனதான் சார் கட்டாகும். இதை அடிச்சு நிமித்திக் குடுத்தா ஒரு மாசம் ஓடும். அப்புறம் ஏத்தத்துல வச்சு ஒடியும்" என்றார். அந்தப் பட்டையைத் தனியே போட்டுவிட்டார்.

மற்றவற்றுக்குச் சம்மட்டி. பட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு தாங்கலுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அங்கே மடிந்துவிடும். அதனால் நடுவிலிருந்து நுனி வரை விரற்கடைக்கு ஓர் அடி. மேஸ்திரி பட்டையை நகர்த்த நகர்த்த, இளைஞர் ஒருவர் அடித்துக்கொண்டே போனார். பேச்சே இல்லை. பட்டை நகரும் வேகத்தைப் பார்த்தே அடி கூடியது, குறைந்தது. வளைவு வந்ததும் அதை மேல்பட்டையோடு பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார் மேஸ்திரி. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் சந்து தெரிந்தது. அடி தவறிவிட்டதாக நினைத்தேன். அது வேண்டுமென்றே வைத்த சந்து. ஒவ்வொரு கீழ்ப்பட்டையும் தன் மேல்பட்டையைவிடக் கொஞ்சம் அதிகம் வளைந்திருக்க வேண்டும். நடு போல்ட்டை இறுக்கும்போது அந்தச் சந்து மூடி, பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி இல்லாவிட்டால் மெயின் பட்டை கூடுதலாகச் சுமந்து சீக்கிரம் ஒடியும். அளவுகோல் எதுவும் அவர் எடுக்கவில்லை.

இந்த வேலையிலேயே வண்டி ஓரிரு அங்குலம் எழுந்துவிடுகிறது, தொய்ந்துபோன உயரம் திரும்புவதால். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு பட்டை கூட்ட வேண்டும். அங்கேதான் மேஸ்திரி கை தயங்குகிறது. பட்டை கூடினால் விறைப்பும் கூடும். பாரத்தோடு போகும்போது நன்றாக இருக்கும் வண்டி, ஆள் குறைந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். "முன்சீட்டுல இருக்கிறவனுக்குத் தெரியாது. பின்னால சக்கரத்துக்கு மேல உக்காந்து போற பொம்பளைக இடுப்பைக் கேக்கணும்" என்றார். ஓட்டுநர் அருகிலேயே நின்றிருந்தார். மறுத்துப் பேசவில்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகு, திரும்பும் வழியில் அந்த விறைப்பைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு வண்டிக்குப் பட்டை தேர்ந்தெடுக்கும்போது இந்த முதுகுகளை நினைத்துக்கொள்ளும் ஒருவரைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிறைவு.

மதியத்துக்கு மேல் மதுரைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் புதிய தாரில் வந்தார். ஒரு தோட்ட முதலாளி அனுப்பிவைத்தாராம்.

"அண்ணே, நாலு இஞ்ச் லிஃப்ட் பண்ணணும். எந்தக் கிட் நல்லா இருக்கும்?"

"வண்டியில எந்நேரமும் என்ன இருக்கும் தம்பி?"

"நானும் ஃபிரெண்டும்தான். சில நேரம் டென்ட்."

"முன்னாடி இரும்பு பம்பர், வின்ச்சு எதும் மாட்டப் போறீகளா?"

"இன்னும் முடிவு பண்ணலைண்ணே."

"அப்ப ஸ்பிரிங்கை எப்படி முடிவு பண்றது?"

மேஸ்திரி கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அதுதான் முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி போன்ற பழுத்த நிறுவனங்களும் ஸ்பிரிங்கை எடைக்கு ஏற்பப் பல ரகமாகத்தான் விற்கின்றன. தாரில் இருப்பது போன்ற காயில் ஸ்பிரிங்கில் இது இன்னும் நுட்பம். மற்றதெல்லாம் மாறாமல் கம்பியின் விட்டத்தை மட்டும் பத்து சதவீதம் கூட்டினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். இரண்டு பேர் போகிற வண்டிக்குக் கனரகம் போட்டால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, தரையை விட்டு எழும்பி நிற்கும். எடைமேடையில் முன்சக்கரத்தைத் தனியாக, பின்சக்கரத்தைத் தனியாக நிறுத்து, வழக்கமாக ஏற்றும் சாமானோடு எடை போட்டு வரச் சொன்னார் மேஸ்திரி. கிட் வாங்கப் போகிற எவருக்கும் நானும் இதையே சொல்வேன். அந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் கடைக்குப் போகவே கூடாது.

பிறகு இளைஞரைக் குனியவைத்துப் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃப்ரென்ஷியலைக் காட்டினார். நாலு அங்குலம் ஏற்றினாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். ஸ்பிரிங் தூக்குவது அதற்கு மேலே உள்ள சேஸிஸையும் பாடியையும்தான். பாறையில் முட்டுவது டிஃப்ரென்ஷியல் என்றால் டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். இரண்டு அங்குல விட்டம் கூடினால் ஓர் அங்குலம் கிடைக்கும். அந்த டயர் சக்கர வளைவில் உரசாமல் இருக்கும் அளவுக்கு லிஃப்ட் போதும். இளைஞர் இதை இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உயர்த்த உயர்த்த மற்றவை ஒவ்வொன்றாக எட்டாமல் போகின்றன. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி அதன் இணைப்பிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் தட்டும். தாரின் முன்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தனித் தொங்கல் என்பதால் ஆக்சில் முனையின் ரப்பர் உறைகளும் கோணத்தில் ஓடித் தேயும். ஸ்டியரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். பழைய ஜீப்பில் சிலர் செலவைக் குறைக்க, பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை மட்டும் நீளமாக்குவார்கள். இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம்தான் எழும், ஸ்டியரிங் கோணம் கெடுவது மட்டும் முழுசாக நடக்கும். ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைப்பது சின்ன உயரத்துக்குச் சரி. தொய்ந்த ஸ்பிரிங்குக்கு அது மருந்தல்ல.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்து, பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதி செய்தது. போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளாமல் கை வைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஒரு கிட்டின் பெட்டிக்குள் வருவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் புஷ்ஷும். எந்த எடை, எந்தப் பாதை, எவ்வளவு போதும் என்கிற கணக்கு இந்தக் கொட்டகையில் இருக்கிறது. அதற்கு இவர்கள் தனியாகக் கூலி வாங்குவதில்லை. அடித்த பட்டைக்குத்தான் காசு. சம்மட்டி அடித்த இளைஞரிடம் பேச வேண்டுமானால் இடப்பக்கமாக நின்று பேச வேண்டும். வலது காது மந்தமாகிவிட்டது. புது வண்டிகள் காயிலுக்கு மாறிவிட்டதால் வேலை குறைகிறது என்றார். வெல்டிங் கற்றுக்கொள்கிறாராம். அவருக்குப் பிறகு இந்தச் சம்மட்டியைப் பிடிக்க மேஸ்திரியிடம் ஆள் இல்லை. அந்த ஒரு நூல் சந்தைக் கண்ணால் பிடிக்க இன்னொருவர் எங்கே பழகுவார் என்பது என்னை உறுத்துகிறது.

தார் இளைஞர் எதையும் மாட்டிக்கொள்ளாமல் எடைமேடை இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு கிளம்பினார். தோட்ட ஜீப்புக்குக் கூடுதல் பட்டை வைக்கவில்லை. ஒடிய இருந்ததை மட்டும் மாற்றி, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டி மாட்டினார்கள். ஓட்டுநர் சாவியைத் திருப்பும்போது மேஸ்திரி ஜன்னலில் கை வைத்தார். "மாப்ள, நாளைக்குப் பாரத்தோட ஏறி இறங்குனதும் நேரா இங்க வா. யூ போல்ட்டு நெகிழ்ந்திருக்கும், இன்னொரு தடவை இறுக்கணும். ஆளுகளை இறக்கிவிட்டுட்டு வா."